புண்ணில் விளைந்த ரவை

ஐம்பத்தாறாம் வருஷம், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மாயாண்டியின் உள்ளங்காலில் தேயிலைக் கட்டை குத்திவிட்டது. வெறுங்காலோடு மலையேறுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு காயமா? புகையிலையை மென்று அப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தான். காயமும் ஆறியது. ஆறு மாதம் கழித்துக் கால் வீங்கி, நாலைந்து இடத்தில் கண் திறந்து, சீழோடு மஞ்சள் மஞ்சளாய்க் குருணை உதிர ஆரம்பித்தது.

தோட்டத்து டிஸ்பென்சர் பொன்னையா, மூன்று போத்தல் மருந்தை வைத்துக்கொண்டு அறுநூறு பேருக்கு உயிர்ப்பிச்சை போடுகிற மகராசன். அவர் சீட்டு எழுதினால்தான் லீவும், டவுன் ஆஸ்பத்திரியும். காலைக் குனிந்து பார்த்தார்.

“என்னாடா இது, ரவையா? புண்ணுல ரவையத் தூவிக்கிட்டு வந்தா லீவு குடுத்துருவேன்னு நெனச்சியா?”

“தானா வருதுங்க ஐயா.”

“ஆமா, ஒன் காலுல கோதுமை வெளையுது. போ, போய் வேலையப் பாரு.”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மாயாண்டியின் பெண்சாதி வீரம்மாவுக்கு மானம் போயிற்று. அன்றிலிருந்து மருந்துக்குப் போகுமுன் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு, ஒரு குருணை இல்லாமல் கழுவித்தான் அனுப்புவாள். பொன்னையாவும் பார்த்துவிட்டு, “புண்ணு சுத்தமா இருக்கே, வேலைக்குப் போ” என்பார். ரவை இருந்தால் பொய்க்காரன், இல்லாவிட்டால் சுகமானவன். நல்ல நியாயம்! இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது.

கடைசியில் கால் ஊன்ற முடியாமல் போனபோது, சீட்டுக்குக் காத்திராமல் வீரம்மா அவனை பஸ்ஸில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அன்றைக்கும் காலைக் கழுவ மறக்கவில்லை.

“புண்ணுல இருந்து குருணை மாதிரி ஏதாவது வருதா?” என்று டாக்டர் கேட்டார்.

மாயாண்டி பதறிப்போனான். “சத்தியமா இல்லீங்க சாமி.”

“வருதுங்க,” என்றாள் வீரம்மா. “ரவை மாதிரி. நாந்தான் கழுவிக் கழுவி ஊத்துனேன்.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

டாக்டர் புண்ணைப் பிதுக்கி ஒரு குருணையை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். அத்தனையும் கிருமி. மண்ணில் கிடந்து, குத்துகிற முள்ளோடு உள்ளே ஏறுகிற அபூர்வமான கிருமி. மதுரைப் பக்கம் முதலில் கண்டதால் நோய்க்கு அந்த ஊர்ப் பெயராம். மாயாண்டியின் அப்பன் கடல் தாண்டி வந்ததும் அதே பக்கத்திலிருந்துதான். நோய்க்கு ஊர் இருந்தது. பிரஜாவுரிமை கேட்டுப் போன கந்தோரில் அவனுக்குத்தான் எந்த ஊரும் இல்லையென்று சொல்லியிருந்தார்கள்.

“எலும்புக்குள்ள போயிருச்சு. இந்தக் குருணைய ஆரம்பத்துலயே யாராவது அனுப்பியிருந்தா, மருந்துலயே காப்பாத்தப் பாத்திருக்கலாம்,” என்றார் டாக்டர். காலைக் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து மாயாண்டி கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தான். பொன்னையா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாதம் இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல் லீவுச் சீட்டு எழுதிக் கொடுத்தார், ஒரு நாளைக்கு.