கடலைத் துளைத்தவர்களும் யாக்கோப்பு அத்தானின் எஞ்சினும்

என் அக்கா றோசின் புருஷன் யாக்கோப்பு அத்தான், நெடுந்தீவில் முதன்முதலாக வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டியவர்களில் ஒருவர். அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவே முடியாது. பாய் கட்டி ஓடுகிறவர்களைக் கண்டால், "காத்து வந்தாச் சொல்லியனுப்புங்கோ" என்று நக்கலடிப்பார்.

எழுபத்துமூன்றாம் ஆண்டுக்குப் பிறகு மண்ணெண்ணெய் விலை ஏறியது, ஏறியதுதான். சூடை மீன் விற்ற காசு எஞ்சின் குடித்த எண்ணெய்க்கே போதாமல் போனது. எஞ்சின் கரையேறி வீட்டு விறாந்தையில் குந்திக்கொண்டது. ஊர்காவற்றுறை ஆள் ஒருவர் அதை விலைக்குக் கேட்டார். அக்கா விற்கச் சொன்னாள். அத்தானுக்கு உயிரே போகிற மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எண்ணெய் தேடி எங்கள் கடலைத் துளைக்க வந்தது. அத்தான் துள்ளிக் குதித்தார்.

"பாத்தியே றோஸ்! எங்கடை வாசல்லை எண்ணை வந்தாத் தண்ணி விலைக்குத் தருவாங்கள். இப்ப எஞ்சினை விக்க எனக்கென்ன விசரே?"

புது வலை போட்டால் முதலில் படும் மீனை அந்தோனியார் கோயிலுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அத்தான் அந்த வழக்கத்தைக் கம்பெனியின் தலையிலும் கட்டிவிட்டார். கம்பெனிச் சாமான்களைக் கரையில் பார்த்துக்கொண்ட கிளாக்கர் பரமலிங்கம் சுருவில் ஊர்க்காரன். அவனிடம் அத்தான் ஒரு வெறும் மண்ணெண்ணெய்த் தகரத்தை நீட்டினார்.

"தம்பி, முதல் எண்ணை கோயில் விளக்குக்கு. உங்கடை துரைமாரிட்டைச் சொல்லும். அந்தோனியாரை ஏமாத்தினா ஒண்டும் அம்பிடாது."

பரமலிங்கம் சைவக்காரன். ஆனாலும் சாமி காரியமல்லவா, பயபக்தியோடு வாங்கி வைத்தான். சிரித்தவன் நான்தான், அக்காவிடம் குட்டும் வாங்கினேன்.

சில மாதங்களில் கம்பெனி மூட்டை கட்டியது. பரமலிங்கம் தகரத்தைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்கு வந்தான்.

"அப்ப எண்ணை இல்லையே?" அத்தான் தகரத்தைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"கொஞ்சம் இருக்கும் எண்டுதான் கதைக்கினம், அண்ணை. ஆனா எடுக்கிற செலவு விக்கிற விலையிலும் கூடவாம். துளையைச் சீமெந்தாலை அடைச்சிட்டினம். விலை இன்னும் ஏறினா ஆரும் திரும்பி வருவினமாக்கும்."

"இருக்கிறதை விட்டிட்டுப் போறாங்களோ! மடையங்கள்! காலுக்குக் கீழை கிடக்கிற சாமானை அள்ளத் தெரியாதவங்கள்!"

குசினிக்குள் இருந்து அக்கா வெளியே வந்தாள்.

"ஏன் இப்ப கத்துறியள்? கடல் நிறைய மீன் கிடக்கத்தானே உங்கடை எஞ்சின் விறாந்தையிலை படுத்திருக்கு?"

மெல்லச் சிரிக்கத் தொடங்கிய அத்தான் கண்ணில் நீர் வரும்வரை நிறுத்தவில்லை. எங்களுக்கும் அடக்க முடியவில்லை. அக்கா மட்டும் சிரிக்காமல் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய ஊர்காவற்றுறை ஆள் மறுபடி எஞ்சினைக் கேட்டு வந்தார். பதில் சொன்னது அக்காதான்.

"விக்கிறதா இல்லை, அண்ணை. கம்பெனிக்காரர் துளையை அடைச்ச மாதிரி நாங்களும் இதை மூடி வைக்கப்போறம்."

இருவருமாக எஞ்சினுக்குக் கிறீஸ் பூசிச் சாக்கால் சுற்றிக் கட்டினார்கள். அத்தான் பாய் கட்டிக் கடலுக்குப் போனார். பாய்க்காரர்கள் விடுவார்களா? "காத்து வந்தாச் சொல்லியனுப்பட்டோ, அண்ணை?" என்று போகிற வருகிற நேரமெல்லாம் மனிதரை வறுத்தெடுத்தார்கள்.

எழுபத்தெட்டில் இறால் வாங்க ஐஸ் பெட்டிகளோடு வந்த ஆட்கள் சொன்ன விலையைக் கேட்டுக் கரையே வாயைப் பிளந்தது. வள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு அத்தான் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடினார். அக்கா ஏற்கெனவே சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.