உட்கார்ந்தால் வரும் மயக்கம்

டெட்டால் வாசனை... இன்னும் காயாத தரை. டாக்டரின் காலை ரவுண்டுக்கு முன்னால் போர்வையில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும் எங்கள் தலைமை சிஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரி, பிள்ளைகள் வார்டு. நான் புது நர்ஸ், பிள்ளைகளுக்கு 'மிஸ்ஸி'. அனுபவம் கம்மி, வாய் ஜாஸ்தி.

கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வள்ளியைக் கொண்டுவந்தார்கள். பதிமூன்று வயது. மூச்சு வாங்குகிறது, திடீரென்று மயங்கி விழுகிறாள் என்றார்கள்.

டாக்டர் வரும்போது எல்லாப் பிள்ளைகளும் நேராகப் படுத்திருக்க வேண்டும். அது வார்டு சட்டம். படுத்திருந்த வள்ளியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் கோளாறாக ஒன்றும் கேட்காது. மூன்று நாள் இப்படியே போனது.

"மிஸ்ஸி, உக்காந்தாதான் வருது. படுத்தா போயிடுது," என்று என்னிடம் சொன்னாள்.

"ஸ்கூலுக்கு மட்டம் போட இது ஒரு சாக்கா? நடிக்காதடி!"

நான்தான் சொன்னேன். வேறு யாரும் இல்லை. ஃபைலில் "தொந்தரவு எதுவும் இல்லை" என்றும் எழுதி வைத்தேன்.

நாலாம் நாள் அவள் அம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் உள்ளே நுழைந்தார், வயதான சீனர். அம்மா பதறிப்போய் மகளின் தோளைத் தட்டினார்.

"ஏய், பெரிய டாக்டர் வாராரு லா! எந்திரி! படுத்துக்கிட்டா இருப்பே?"

தோட்டத்தில் தொரை வந்தால் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்க்க முடியாது. அதே பழக்கம். வள்ளி சட்டென்று எழுந்து நின்றாள்... உதடு வெளுத்தது. அப்படியே சரிந்தாள்.

டாக்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளைப் படுக்க வைத்து ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டார். கொஞ்சம் தெளிந்ததும் தாங்கி உட்கார வைத்துக் கேட்டார். உட்கார்ந்தபோது கேட்ட சத்தம், மறுபடி படுக்க வைத்ததும் போய்விட்டது.

"இத்தனை நாளும் படுக்க வெச்சேவா பாத்தீங்க?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேனில் தெரிந்தது... இதயத்துக்குள்ளே காம்பில் தொங்கும் ஒரு கட்டி. நிமிர்ந்தால் இறங்கி, தொட்டி அடைப்பான் மாதிரி ரத்தம் போகிற வழியை மூடிக்கொள்ளும். படுத்தால் விலகிவிடும். புற்றுநோய் இல்லை. ஆனால் என்றைக்கு வேண்டுமானாலும் உயிர் போயிருக்கும். நெஞ்சைத் திறந்து எடுத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து வார்டுக்கு வந்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள். அம்மா கை நிறைய ரம்புத்தான் பழம் கொடுத்தார்.

"மிஸ்ஸி, நான் நடிக்கலதானே?" என்றாள் வள்ளி.

வெட்கமாகப் போய்விட்டது. "சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றினேன்.

போன வாரம் சிம்பாங் பூலாயில் இருக்கும் அண்ணன் மகள் போனில் ஸ்கேன் படம் அனுப்பினாள். "அத்தே, பாப்பா ஹார்ட் நல்லா இருக்காம்!" இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் பார்த்துவிடுகிறார்கள். சந்தோஷம்தான்.

அப்போது எங்களிடம் மெஷின் இல்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். வள்ளியிடம் முடியாது. அவள் தன் நோயைச் சரியாகத்தான் சொன்னாள். நான்தான் எழுதவில்லை.