விரிப்பின் மறுமுனை

பெற்றவர்கள் அவளுக்கு ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சலவைக்கூடத்தில் அது யாருக்கும் நினைவில்லை. அங்கே அவள் ஐயோக்கா. விளக்கு மினுக்கினால் ஐயோ, பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் ஐயோ, முத்திரை குத்திய உறை வீட்டுக்கு வந்தால் பிரிப்பதற்கு முன்பே ஐயோ. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு வெளிச்சத்திலும் தெரியும்.

நகரத்து ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தரும் கூடம் அது. ஐயோக்காவுக்கு ரோலர் மெஷினில் வேலை. பிழிந்த ஈர விரிப்புகள் தள்ளுவண்டியில் குவியலாக வரும். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, சுருக்கம் எடுத்து, சூடான உருளைக்குள் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் முந்தினாலும் விரிப்பு கோணிக்கொண்டு சிக்கும். சிக்கியதை இழுக்கப் போனால் கையும் சேர்ந்து உள்ளே போகும். அதனால் மறுமுனையில் நிற்பவள் யார் என்பது, தாலி கட்டியவன் யார் என்பதைவிட முக்கியம் என்று ஐயோக்கா புருஷன் காதுபடவே சொல்வாள்.

மறுமுனையில் நின்றவளை அவள் தங்கச்சி என்று கூப்பிட்டாள். கூடப்பிறந்தவள் இல்லை, பாஷைகூட வேறு. அந்தக் கூடத்தில் மூன்று பாஷைகள் இருந்தன. முதலாளியின் பாஷைக்காரர்கள் மாடியில், கண்ணாடி அறையில். ஐயோக்காவின் பாஷைக்காரர்கள் கீழே, கம்பெனி ஆட்களாக. தங்கச்சியின் பாஷைக்காரர்கள் காண்டிராக்டர் கூட்டிவந்தவர்கள். என்ன வேலை செய்தாலும் அவர்களுக்குப் பெயர் உதவியாள், சம்பளம் பாதி. படி மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். மேல்படியில் இருப்பவனுக்குக் கீழ்ப்படி இயற்கையானதாகவே தெரியும், அதுதான் உலக வழக்கம்.

மெஷினின் இடது பக்கம் ஆவிக்குழாய். அங்கே நின்றால் முழங்கை வெந்துவிடும். ஆகவே இருவருக்குள்ளும் ஓர் ஏற்பாடு. ஒரு வண்டி காலியானதும் பக்கம் மாறிக்கொள்வார்கள். யாரும் சொல்லித்தந்ததில்லை. இருவர் கையிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரித் தழும்பு.

தங்கச்சிக்குப் பாதிதான் என்று தெரிந்த நாளிலிருந்து ஐயோக்கா தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை அவள் பக்கம் தள்ள ஆரம்பித்தாள். தன் சம்பளத்தில் பாதியை யாரும் எடுத்துக் கொடுத்துவிடுவதில்லை. பாதிச் சோறு கொடுத்தால் மனசு கொஞ்சம் ஆறிப்போகிறது.

அப்போதுதான் புதுச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கு ஒரே கூலி, அதுவும் மேலே இருப்பதைக் குறைக்காமல் கீழே இருப்பதை உயர்த்தி. சட்டம் வந்தால் வரட்டும், அது பாட்டுக்கு இருக்கும் என்று எல்லோரும் இருந்தார்கள். ஆனால் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். ரோலர் மெஷினைப் பார்க்கத் தொழிலாளர் அதிகாரி வருகிறார் என்று சேதி வந்தது.

ஐயோக்கா ஒரே விரிப்பை இரண்டு தடவை உதறினாள். "எந்தப் புண்ணியவதி இந்த வேலையப் பாத்தாளோ" என்று முணுமுணுத்தபடி நின்றவளை சூப்பர்வைசர் ஓரமாகக் கூப்பிட்டார். அவரும் அவள் பாஷைக்காரர்தான், அவள் புருஷனுக்குத் தூரத்துச் சொந்தம் வேறு.

"பயப்படாதம்மா. ஒரே ஒரு வார்த்தைதான். மெஷின ஓட்டுறது நீ, அவ சும்மா உதவிக்கு நிக்கிறவன்னு சொல்லணும். வலது பக்கம் ஆபரேட்டர் பக்கம், அங்கேயே நில்லு. நகராத."

"ஐயோ, அண்ணே... ரெண்டு பேரும் ஒரே வேலதானே செய்றோம்?"

"அது எனக்குத் தெரியாதா? நாளைக்கு நீ வேலைக்கு வரணுமா வேணாமா, அத யோசி. பொண்ணு நர்சிங் ரெண்டாம் வருஷம்ல?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் பேருந்து டிப்போவில் டயர் மாற்றுகிறவன், மகா நிதானஸ்தன்.

"ஊரான் சம்பளத்துக்கு நீ ஏன் வாயக் குடுக்குற? அவங்களுக்கெல்லாம் கொஞ்சத்துல குடும்பம் நடத்திப் பழக்கம்."

"கடைக்காரன் அவளுக்கு மட்டும் பாதி வெலைக்கா அரிசி குடுக்குறான்?" என்று கேட்டாள். கேட்ட வேகத்தில் பயமும் வந்துவிட்டது. "ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலப்பா. வேல போயிட்டா பொண்ணு படிப்பு என்ன ஆகும்?"

"அப்ப சொல்லிட்டு வா. பொழைக்கிற வழியப் பாரு."

அதிகாரி ஒரு பெண். செருப்புச் சத்தமே இல்லாமல் வந்து நின்றார். சூப்பர்வைசர் பக்கத்தில் கைகட்டி நின்றார். ஐயோக்கா வலது பக்கத்தில், ஆணி அடித்ததுபோல நின்றாள். தங்கச்சி குழாய்ப் பக்கம். அவள் முகத்தைப் பார்க்க ஐயோக்காவுக்குத் தைரியம் இல்லை. விரிப்பின் ஓரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு வேலை செய்தாள். உதவியாள், உதவியாள் என்று அந்த ஒரு வார்த்தையை மனசுக்குள் உருப்போட்டபடி இருந்தாள், மறந்துவிடக் கூடாதே என்று.

உதறினார்கள், கொடுத்தார்கள். உதறினார்கள், கொடுத்தார்கள். வண்டி காலியாயிற்று.

காலியானதும் ஐயோக்காவின் கால் நடந்தது. அவள் நடக்கவில்லை, கால்தான் நடந்தது. மனசு முழுக்கப் பயம் இருந்ததால் காலைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மெஷினைச் சுற்றி வந்து, குழாய்ப் பக்கம் நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தங்கச்சியும் பழக்கதோஷத்தில் வலது பக்கம் போய்விட்டிருந்தாள். அடுத்த வண்டி வந்தது. முதல் விரிப்பை எடுத்து உதறிய பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"ஐயோ!"

அதிகாரி மெஷினை நிறுத்தச் சொன்னார். உருளை நின்றதும் கூடம் பயங்கரமாக அமைதியாகிவிட்டது.

"வலது பக்கம் நிக்கிறவங்கதான் ஆபரேட்டர்னு சூப்பர்வைசர் சொன்னார். இப்ப யாரும்மா ஆபரேட்டர்?"

சூப்பர்வைசர் அவளையே பார்த்தார். இன்னும் காலம் கடந்துவிடவில்லை. மறந்து மாறிட்டேம்மா, அவ உதவியாள்தான் என்று சொன்னால் போதும், முடிந்துவிடும். வாயைத் திறந்தாள். கையில் விரிப்பின் முனை இருந்தது. மறுமுனை தங்கச்சியின் கையில். விரிப்பு நடுவில் தொய்யாமல், இருவரும் எப்போதும் பிடிக்கிற அதே இழுப்பில் நின்றது.

"ரெண்டு பேரும்தாம்மா," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. அதிகாரி மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள், இந்தத் தடவை அழுதுகொண்டே. "ரெண்டு பேரும்தாம்மா. ஒரே வேலதான். வண்டிக்கு வண்டி மாறிக்குவோம். என் வேலைய மட்டும் எடுத்துராதீங்கம்மா."

யாரும் எடுக்கவில்லை. சட்டப்படி எடுக்க முடியாதாம். ஆனால் இடம் மாற்றலாம். ஐயோக்காவை அழுக்கறைக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் மூட்டைகளை அவிழ்த்துத் தரம் பிரிக்கும் அறை. இரத்தம், சீழ், மடிப்புக்குள் மறைந்து கிடக்கும் ஊசிகள். இருட்டைக் கண்டாலே நடுங்குகிறவளுக்கு இது போதாதா? கையுறை போட்ட கையால் ஒவ்வொரு மூட்டையையும் பாம்புப் புற்றைத் தொடுகிறவள்போலத் தொட்டாள். வாசலில் நிழலாடினால் அடுத்து எங்கே அனுப்பப் போகிறார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

சம்பள விவரம் முதல் முறையாகச் சுவரில் ஒட்டப்பட்டது. ரோலர் மெஷின், இரு பக்கமும், ஒரே தொகை. மற்ற மெஷின்களில் இருந்த உதவியாட்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம். ஐயோக்கா போய்ப் பார்க்கவில்லை, பயம்.

மறுநாள் காலை அழுக்கறைக் கதவு திறந்தது. தங்கச்சி கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஐயோ, உன்னையும் தள்ளிட்டாங்களா?"

"இல்ல அக்கா. நானே கேட்டு வந்தேன். மூட்டைக்கும் ரெண்டு முனை."

"பைத்தியக்காரி! இங்க ஊசி இருக்கும்டி!"

தங்கச்சி கதவைச் சாத்தினாள். பிறகு, அக்காவின் பாஷையில் தெரிந்த வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்துச் சொன்னாள்.

"புகார் நான் குடுத்தேன் அக்கா. அன்னிக்கு எனக்கு ரொம்ப பயம். அதிகாரி மேல இல்ல. உங்க மேல. நீங்க என்னை உதவியாள் சொல்லுவீங்கன்னு பயம்."

பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் பயந்தவள் ஐயோக்கா. தன்னைப் பார்த்தும் ஒருத்தி பயந்திருப்பாள் என்று நினைத்ததே இல்லை.

"சொல்லத்தான்டி இருந்தேன்," என்றாள். "தலைய ஆட்டிட்டுத்தான் வந்து நின்னேன். கால்தான் முந்திக்கிச்சு."

தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள். ஐயோக்கா பயத்தோடு காத்திருந்தாள்.

"பிடிங்க அக்கா," என்று தங்கச்சி குனிந்து மூட்டையின் ஒரு முனையைப் பற்றினாள். ஐயோக்கா மறுமுனையைப் பற்றினாள். தூக்கும்போது மூட்டை நடுங்கியது, இரண்டு பக்கமும்.