கலந்து போடு, பிரிக்காதே!

பென்டிரைவில் பாட்டு ஏற்றிக் கொடுக்கிற தொழிலில் பாட்டு ஒன்றுதான் சுகம், மற்றதெல்லாம் தலைவலி.

நாமக்கல் பைபாஸ் ஓரத்தில் குமரேசண்ணன் ஜெராக்ஸ் கடை வாசல். அங்கே ஒரு மேஜை, ஒரு பழைய கம்ப்யூட்டர், மேஜைக்கு அடியில் என் நாலு வயசு மகள் யாழினி. என் ஸ்தாபனம் இவ்வளவுதான். சிக்னல் எடுக்காத காட்டு ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள்தான் வாடிக்கை. மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சொல்வதே சட்டம் என்று தலையாட்டிப் பிழைக்கிற எல்லாரும் இதைப் படியுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

செத்தவன் கல்யாணம்

வருகிறவர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் "கலந்து போடுங்க" என்பார்கள். வரிசையாக வந்தால் அடுத்த பாட்டு இன்னதென்று தெரிந்து தூக்கம் வருகிறதாம். சரி, கலக்கலாம். ஆனால் உடுக்கை அடித்துப் பாடுகிற கதைப்பாட்டு மூன்று பாகமாக இருக்கும். லாரி பிளேயரில் ஷஃபிள் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் அதற்குப் பாகமும் தெரியாது, கதையும் தெரியாது. கையில் கிடைத்ததைத் தூக்கிப் போடும்.

போர்வெல் வண்டி டிரைவர் ஒருவர் வடக்கே போய்ப் பல மாதம் கழித்து வந்தார். வந்ததும் வராததுமாகப் பென்டிரைவை மேஜையில் வீசினார். "ஏனுங்க அம்மிணி, நெல்லூர்ல செத்தவன் நாக்பூர்ல கண்ணாலம் பண்றானுங்க. அப்ப நான் எதுக்குங்க அத்தன தூரம் அழுதுக்கிட்டே வண்டி ஓட்டுனேன்?"

நாய் எங்கே?

இதற்கு வழி கண்டுபிடித்தது நானில்லை, என் மகள். அவளுக்கு ஒரு மாட்டுப் பாட்டு உண்டு. அது முடிந்ததும் நாய் குரைக்கிற பாட்டு வந்தே ஆக வேண்டும். நடுவில் வேறு எது வந்தாலும் தரையில் புரண்டு கத்துவாள். பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவர் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார், பெற்ற தாயே பிள்ளையை அடிக்கிறாளோ என்று.

தாங்க முடியாமல் ஒரு நாள் மாட்டையும் நாயையும் ஒட்டி ஒரே பாட்டாக ஆக்கிவிட்டேன். அப்புறம் ஷஃபிள் என்ன, அதன் அப்பன் வந்தாலும் பிரிக்க முடியாது. அடடா, இவ்வளவுதானா என்று கதைகளை எல்லாம் அப்படியே ஒட்ட ஆரம்பித்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை மகளிடமாவது சொல்லிக்கொள்ளலாம் என்று, "பாத்தியா, அம்மா ரெண்டையும் கட்டிப் போட்டுட்டேன்" என்றேன். அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அவுத்து உட்டா நாய் கடிக்குமாம்மா?"

குமரேசண்ணன் கணக்கு

இதற்கிடையில் குமரேசண்ணனின் மச்சான் அந்த வாசலில் ஜூஸ் கடை போட ஆசைப்பட்டார். வாசல் ஒன்று, ஆசை இரண்டு. ஆறு லாரி வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட் முதலாளி ஒருவர் உண்டு. அவர் வேலையை ஆவணிக்குள் நான் பிடித்தால் மேஜை இருக்கும், இல்லாவிட்டால் மிக்ஸி வரும் என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இன்னொன்று எங்கே கிடைக்கும்?

நான் முகம் வாடி நிற்பதைப் பார்த்து ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அண்ணன் சொன்னார்: "ஜூஸுல மொதப் பாகம், ரெண்டாம் பாகம்னு ஒரு தொல்லையும் இல்ல பாரு, அம்மிணி."

கூண்டும் கோழியும்

முதலாளி வந்தார். ஆறு லாரியோடு கோழிப் பண்ணையும் உண்டு அவருக்கு. பட்டறையில் ஏழாவது லாரிக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்தார்கள், அதற்குத்தான் முதல் பென்டிரைவ். போன வருஷம் தவறிய அவருடைய ஆத்தாவுக்குச் சொந்தக்காரப் பெண்கள் வைத்த ஒப்பாரியை ரெக்கார்டு பண்ணி வைத்திருந்தார். அதையும் சேர்க்கச் சொன்னார். திடுதிப்பென்று ஒப்பாரி கிளம்பக் கூடாதே என்று, முன்னால் ஒரு பிள்ளையார் பாட்டை வைத்து ஒட்டிக் கொடுத்தேன்.

மறுநாளே திரும்பி வந்தார். சொன்ன எண்ணிக்கையைவிடப் பிளேயரில் பாட்டுக் குறைவாகக் காட்டுகிறதாம். நான் திருடிவிட்டேனாம். மூன்றை ஒட்டினால் ஒன்று என்றுதானே காட்டும்! "ஐயா, மூணு கோழிய ஒரே கூண்டுல போட்டாலும் மூணு கோழிதானுங்களே" என்றேன், அவர் பாஷையிலேயே பேசுகிற மிதப்பில். அவர் அசரவில்லை. "எங்க பண்ணையில தலையத்தான் எண்ணுவோம் கண்ணு, கூண்ட எண்ணறதில்ல. பிரிச்சுக் குடு."

பிரித்துக் கொடுத்தேன். ஷஃபிளை மட்டும் தொட வேண்டாம் என்று கெஞ்சினேன். காதில் வாங்கினால்தானே!

பூஜையில் ஒரு பெரியவர்

பட்டறையில் புது லாரிக்குப் பூஜை. நானும் மகளும் போயிருந்தோம். வண்டிக்கு மாலை, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், தட்டில் சூடம். சாவியைத் திருப்பியதும் சாமி பாட்டு வர வேண்டும், அதுதான் முறை. டிரைவருக்குத் தெரியாதென்று முதலாளியே கேபினில் ஏறிப் பொத்தானை அமுக்கினார். எந்தப் பொத்தான் என்று நான் சொல்ல வேண்டுமா?

"என்னப் பெத்த ஆத்தா, எங்கள உட்டுப் போனியே" என்று நாலு ஸ்பீக்கரும் அலறின. வெல்டிங் நின்றது. சூடம் அதுபாட்டுக்கு எரிந்தது. கூட்டத்தில் இருந்த முதலாளியின் சின்னம்மா, ஸ்பீக்கரில் அழுவது தன் குரல்தான் என்று தெரிந்ததும் ரோஷம் வந்து மாரில் அடித்துக்கொண்டு கூடவே பாட ஆரம்பித்தார். நல்ல குரல், குறை சொல்ல முடியாது. முதலாளி பதறிப்போய் அமுக்கக் கூடாத பொத்தானை எல்லாம் அமுக்கியதில் சத்தம்தான் கூடியது.

ரோட்டில் சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் அழுகைச் சத்தம் கேட்டு இறங்கி, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மாலையைப் பார்த்தார், அழுகிற சின்னம்மாவைப் பார்த்தார். கேபினிலிருந்து வியர்க்க வியர்க்க இறங்கிய முதலாளியிடமே போய்த் தணிந்த குரலில் கேட்டார்: "மொதலாளி எப்பங்க தவறுனாரு? எப்ப எடுக்கறாங்க?"

பொட்டு வைத்த அம்மா

மறுநாள் குமரேசண்ணன் வாசலில் மிக்ஸி வந்து இறங்கியிருந்தது. அட்டைப் பெட்டியில் வந்த தெர்மாகோலை என் மகள் பிய்த்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போது கார் வந்து நின்றது. இறங்கியது முதலாளியின் சம்சாரம். கையில் மஞ்சப்பை, பைக்குள் ஏழு லாரியின் பென்டிரைவும். "நீ ஒட்டுன மாதிரியே எல்லாத்தையும் ஒட்டிக் குடு சாமி. எங்கூட்டு மனுசன் எண்ணிக்கிட்டுக் கெடக்கட்டும்" என்றார். குமரேசண்ணன் மிக்ஸியைப் பெட்டிக்குள் வைத்தார்.

ஒட்ட வேண்டியதை ஒட்டினேன். மற்றதை நானே முன்னும் பின்னுமாகக் கலந்து, சாமி பாட்டு முதலில் வர நம்பர் போட்டேன். "எல்லாம் சரிங்கம்மா, ஆனா அந்த ஷஃபிள் பொத்தான அமுக்குனா மொதல்ல சாமி பாட்டு வராதுங்க. உங்க டிரைவருங்க கை சும்மா இருக்குமா?" என்றேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே பர்ஸிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து என் கையில் வைத்தார்: "ஏழு வண்டியிலயும் அதும் மேல ஒரு பொட்டு வச்சு உடு கண்ணு. சாமின்னு நெனச்சு ஒருத்தனும் தொட மாட்டான்."

இப்போது காலையில் வண்டி எடுக்கும்போது டிரைவர்கள் அந்தப் பொத்தானுக்கும் சேர்த்து ஊதுபத்தி காட்டுகிறார்களாம்; சொல்லிச் சொல்லிக் கேட்காதவர்களைக் கும்பிட வைத்துவிட்ட பெருமையோடு, ஜூஸ் கடை வராத அதே வாசலில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.