இரண்டாவது சாவி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவனுக்கு ஐரோப்பாக்காரன் சொல்லெல்லாம் எதற்கு? ஆனால் நேற்று மழை. மழை வந்தால் என் இடது தோள் வலிக்கும்; வலித்தால் அந்தச் சொல்லும் கூடவே வரும்.

தொண்ணூற்றொன்றில் எனக்கு எட்டு வயது. ஒரகடம் பக்கத்தில் ஓட்டு வீடு. லாரியில் பெங்களூருக்கு லோடு கொண்டுபோன அப்பா பொங்கலுக்கும் வரவில்லை, ஆடிக்கும் வரவில்லை. வாசல் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அப்பாவோடு போய்விட்டது. இன்னொன்றைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டிவிட்டுத்தான் அம்மா செங்கல் சூளைக்குப் போவாள்.

அது கிழட்டுப் பூட்டு. எண்ணெய் விட்டால் ஒருநாள் திறக்கும், மறுநாள் முறைத்துக்கொள்ளும். அப்படி முறைத்துக்கொண்ட ஒரு மாலையில், ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கலாம் என்று கூரைமேல் ஏறினேன். இறங்கினேன், நினைத்ததைவிட வேகமாக.

சித்தப்பா என்னைச் சைக்கிளில் வைத்து மாதா கோயில் மருந்தகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கிருந்த இத்தாலி சிஸ்டர் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"காறை எலும்பு. எங்கள் ஊரில் இதன் பெயர் சின்னச் சாவி."

நான் அழாமலிருக்கப் பேச்சுக் கொடுத்தபடியே கட்டினார். லத்தீனில் சாவிக்கு க்ளாவிஸ். அதற்கும் முந்தி அது ஆணியாம். வளைந்த ஆணியைத் துளையில் விட்டுத்தான் தாழ்ப்பாளைத் தள்ளினார்களாம். க்ளாவிஸைச் சின்னதாக்கினால் க்ளாவிகுலா, உடைந்துபோன என் எலும்பு. கையைத் தூக்கும்போது சாவி மாதிரி திரும்புமாம். அதே சொல் இத்தாலியில் கியாவே, பிரெஞ்சில் க்ளே, ஸ்பெயினில் யாவே. ஜெர்மன்காரன் மட்டும் ஒட்டாமல் ஷ்லூசெல் என்பான். ஆனாலும் இந்த எலும்பு அவனுக்கும் சாவியெலும்புதான்.

"போர்ச்சுகலில் ஷாவ். கப்பலில் வந்து உங்களுக்குச் சாவி ஆயிற்று."

சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னா சிஸ்டர், சாவி எங்க தமிழு!"

"உங்கள் தமிழில் திறவுகோல் இருக்கிறதே."

"அத யாரு சிஸ்டர் வூட்ல சொல்றது?"

கட்டை இறுக்கப் போனபோதெல்லாம் சிஸ்டர் அதையெல்லாம் என்னைத் திருப்பிச் சொல்லவைத்தார். பள்ளியில் படித்தது போய்விட்டது, இது நிற்கிறது.

முதல்நாள் கட்டோடு வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் வாயாடினேன். "ம்மா, எனக்குள்ள ரெண்டு சாவி கீதாம். ஒண்ணு ஒடஞ்சிடுச்சி. இன்னொண்ண வச்சிக்கோ, அப்பா சாவி வேணாம்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் சித்தப்பா புதுப் பூட்டோடு வந்தார். கையில் சுத்தியல்.

"தள்ளு அண்ணி. இந்தப் பூட்டால புள்ள சாவ வேண்டியது."

அம்மா கதவில் சாய்ந்து நின்றாள். "வேணாம் தம்பி."

"இன்னா வேணாம்? இன்னொரு தபா ஏறி வுழுந்தா?"

"எண்ண வுட்டுக்கிறேன். இனிமே நானே சீக்கிரம் வந்து தொறக்கிறேன்."

"அதான் ஏன்னு கேக்குறேன்!"

அம்மா தரையைப் பார்த்துச் சொன்னாள். "அவரு கையில கீற சாவி அப்பறம் எதத் தொறக்கும்?"

சித்தப்பா புதுப் பூட்டைச் சைக்கிள் பையில் போட்டுக்கொண்டு போனார். எனக்கோ கோபமான கோபம். எலும்பு உடைந்தவன் நான். அம்மா பூட்டுக்குப் பரிந்து பேசுகிறாளே, அது என்ன தங்கமா என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. தினமும் இருட்டுவதற்குள் ஓடிவந்து, முறைக்கும் பூட்டோடு மல்லுக்கட்டித் திறந்தாள்.

அப்பா வரவேயில்லை. வீடு இருந்த இடத்தில் இப்போது கம்பெனி மதில் சுவர். நாங்கள் படப்பைக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன.

எழுதியதை ஷிப்ட் பஸ்ஸில் என் பக்கத்து வீட்டுக் கூட்டாளியிடம் கொடுத்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டும்வரை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"டேய், படப்பை வூட்லயும் அந்தப் பூட்டத்தானடா மாட்டிகினு கீறீங்க?"