முழங்கையைப் பிடித்த கை

பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு வேலை தேடித் தருவது என் பணி. கும்மிடிப்பூண்டியில் நெசவாலை வேலைக்கு மனுக் கொடுத்த அக்கா ஒருவர், தாளை நீட்டும்போது இடது கையால் வலது முழங்கையைப் பிடித்திருந்தார். எனக்குத்தான் எதிலும் அவசரமாயிற்றே! கேட்காமலே 'வலது கையில் வலி' என்று எழுதி அனுப்பினேன். ஆலையில் பெயரை அடித்துவிட்டார்கள்.

"கையில ஒண்ணுமில்லையே தம்பி! பர்மாவுல மரியாதைக்கு இப்படிப் பிடிச்சுத்தான் குடுப்போம்," என்றார் அவர்.

"உன்னப் போயி பெரிய மனுசன்னு நெனச்சிக்கீதே அந்தம்மா!" என்று சிரித்தார் எங்கள் அலுவலக பியூன்.

சைக்கிளை மிதித்து ஆலை மேஸ்திரியிடம் போய், தப்பு என்னுடையது என்றேன்.

"நாளிக்கி இட்டுகினு வா, தறி ஓட்டிக் காட்டட்டும்."

மறுநாள் அக்கா உள்ளே தறி ஓட்ட, உட்கார முடியாமல் வாசலில் நடந்துகொண்டே இருந்தேன். வெளியே வந்தவர், முழங்கையைப் பிடித்தபடியே வேலைச் சீட்டை என்னிடம் நீட்டினார்.