பன்னீர்ச்செம்பில் விழுந்த முகம்

ஜெஸி கொச்சிக்குக் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. ஆனி மாதச் சாரல் அன்றைக்குத்தான் தென்காசியில் பிடித்திருந்தது. கொல்லம் போகிற ரயில் ஊதிவிட்டது. ஃபாயிஸா நனைந்த துப்பட்டாவோடு ஓடி வந்து, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, ஒரு சின்னக் கறுப்புப் பையைத் தோழியின் மடியில் போட்டாள்.

“என்னட்டி இது?”

“பிரிச்சுத்தான் பாரேன்.”

உள்ளே நாலு கண்ணாடி வளையங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு எண்: ஒன்று, இரண்டு, நாலு, பத்து. கேமரா லென்ஸின் முன்னால் திருகி மாட்டுகிற குளோஸ்அப் ஃபில்டர்கள்.

“ஏ லூசு, இது ஒஞ் சோறுல்லா!”

“புதுசு ஆர்டர் போட்டுட்டேன். இது நாம ரெண்டு பேரும் பழகுனது. ஒன்ட்ட இருக்கட்டும்.”

ஜெஸி அழுதுவிட்டாள். ரயில் நகர்ந்து செங்கோட்டைப் பக்கம் திரும்பும் வரைக்கும் ஜன்னலில் அவள் கை ஆடிக்கொண்டே இருந்தது. பிரிவுக்கு அழுகிறாள் என்றுதான் ஃபாயிஸா நினைத்தாள். ஜெஸியின் தலைக்கு மேலே இருந்த பெட்டிக்குள் ஒரு படமும் சேர்ந்து ஊரைவிட்டுப் போனது அப்போது ஃபாயிஸாவுக்குத் தெரியாது.

அந்த நாலு வளையங்களால்தான் ஃபாயிஸாவுக்கு ஊரில் ஒரு பெயர் வந்தது. அவர்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்கள் இருக்கிற அறைக்குள் ஆண் போட்டோகிராபர் நுழைய முடியாது. சில வீடுகளில் செல்போனையும் வாசலிலேயே ஒரு துணிப்பையில் வாங்கி வைத்துவிடுவார்கள். அன்றைக்குப் பெண் எப்படி ஜொலித்தாள் என்பதெல்லாம் பார்த்தவர்கள் வாயில் கொஞ்ச நாள் இருக்கும், பிறகு அதுவும் போய்விடும். கல்லூரி முடித்துச் சும்மா இருந்த ஃபாயிஸாவுக்கு இதில் ஒரு வழி தெரிந்தது. முகத்தை எடுக்கக் கூடாது, அவ்வளவுதானே? மருதாணிக் கையை எடுக்கலாம். கொலுசை, மோதிரத்தை, பின்னலில் மல்லிகைக்கு நடுவே எட்டிப் பார்க்கிற ஒரு மரிக்கொழுந்தை எடுக்கலாம்.

ஆனால் கேமராவோடு வந்த லென்ஸ் பொருளுக்குப் பக்கத்தில் போனாலே மங்கிவிடும். கிட்டத்தில் எடுப்பதற்கென்றே செய்த லென்ஸ் வாங்க வேண்டுமென்றால் வாப்பாவின் ஸ்கூட்டரை விற்க வேண்டும். அவளோடு படித்த ஜெஸி, குத்துக்கல்வலசைக்காரி, அண்ணன் ஜோயலின் ஸ்டூடியோவில் ஆல்பம் வேலை செய்துகொண்டிருந்தவள். அவள்தான் இந்த ஃபில்டர்களை ஆன்லைனில் தேடிப் பிடித்தாள்.

“வெள்ளெழுத்து வந்தவுக கண்ணாடி போடுதாவல்லா, அது மாதிரி ஒங் கேமராவுக்கும் ஒரு கண்ணாடி போடுவோம். பிரியாணி சாப்பிடுத காசுதான்.”

இருவரும் ஐந்தருவிக்குப் போய்ப் பழகினார்கள். சீசன் கூட்டம் வருவதற்கு முந்திய நாட்கள். பாறையில் பாசி, பாசியில் நத்தை, கடையில் வாங்கிய ரம்புட்டான் பழத்தின் சிவப்பு மயிர். எண் கூடக் கூடப் பொருளை நெருங்க வேண்டும். பத்தை மாட்டினால் நத்தை கொம்பை நீட்டி லென்ஸைத் தொட்டுவிடும் தூரம். போகஸ் வளையத்தைத் திருகிப் பயனில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு உடம்பையே முன்னும் பின்னும் மயிரிழை அசைக்க வேண்டும். மலிவுக் கண்ணாடியாதலால் படத்தின் ஓரங்கள் வெண்ணெய் மாதிரி உருகும், பளபளக்கிற இடங்களில் ஊதா நிறத்தில் ஒரு கோடு விழும். பொருளை நடுவில் வைத்து, லென்ஸில் ஒளி நுழைகிற திறப்பை நன்றாகச் சுருக்கினால் உருகல் குறையும். ஊதாக் கோட்டை ஜெஸி லேப்டாப்பில் துடைத்துவிடுவாள். ஒருநாள் பத்தாம் நம்பரைக் குரங்கு பறித்துக்கொண்டு பாறைமேல் ஏறி, அதன் வழியாக இவர்களையே உற்றுப் பார்த்தது.

“ஏட்டி, அது ஒன்ன குளோஸ்அப்ல பாக்குது. பயந்து கீழ போட்டுரப் போவுது!” என்றாள் ஜெஸி. மிச்சமிருந்த ரம்புட்டானையெல்லாம் கொடுத்துத்தான் மீட்டார்கள்.

வீடுகளில் நம்பிக்கை மெல்ல வந்தது. ஃபாயிஸா அறைக்குள் நுழைந்ததும் முதலில் ஒரு வாக்குக் கொடுப்பாள்: “இங்கன எடுத்தது இந்த வீட்ட விட்டு வெளிய போவாது.” எடுத்து முடித்ததும் கேமராவின் திரையில் பெண்ணின் உம்மாவுக்கு எல்லாப் படத்தையும் காட்டுவாள். வேண்டாமென்றதை அங்கேயே அழிப்பாள். மீதியை ஜெஸி, ஃபாயிஸா வீட்டு மாடியில் வைத்துத் திருத்துவாள். பிறகு லேப்டாப்பில் இருப்பதை அழித்துவிட்டு, மெமரி கார்டைப் பெண் வீட்டிலேயே கொடுத்துவிடுவார்கள். அது நகைப்பெட்டிக்குள் போகும்.

ஜுஹைனாவின் கல்யாணம் வந்தது. அவள் உம்மா ஆசியா மாமி தெருவுக்கே சட்டம் சொல்லுகிறவள். அவள் வீட்டில் கேமரா நுழைந்தால் எல்லா வீட்டிலும் நுழைந்த மாதிரி. தாம்பாளத்தில் பரம்பரை வெள்ளிப் பன்னீர்ச்செம்பு இருந்தது. அதன் வயிற்றில் கொடி கொடியாய்ச் சித்திர வேலை. ஃபாயிஸா நாலாம் நம்பரை மாட்டி, திறப்பைச் சுருக்கி, மூச்சைப் பிடித்து எடுத்தாள். அந்த நேரம் ஜுஹைனாவின் பெரியம்மா மாப்பிள்ளையைப் பற்றி ஏதோ சொல்ல, அறையே சிரித்தது.

கேமராவின் சின்னத் திரையில் செம்பு மட்டும்தான் தெரிந்தது. மாடியில் லேப்டாப்பில் பெரிதாகத் திறந்தபோதுதான் இருவரும் அதைக் கண்டார்கள். செம்பின் வயிற்றில் அறை முழுவதும் வளைந்து கிடந்தது. திறப்பைச் சுருக்கியதால் சித்திர வேலையோடு பிம்பமும் துல்லியமாக விழுந்துவிட்டது. நடுவில் கேமராவோடு குனிந்து நிற்கிற ஃபாயிஸா. அவளுக்கு வலப்புறம் ஜுஹைனா, முக்காடில்லாமல், கூந்தல் விரிந்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பில் வெட்கமும் ஆசையும் பயமும் எல்லாம் இருந்தன.

“இத மாதிரி ஒண்ணு நீ இனி எடுக்க முடியாதுட்டி,” என்றாள் ஜெஸி.

“அழி.”

“ஒரு நிமிசம் பாத்துக்கிடுதேன்.”

“ஜெஸி, அழி. வாக்குக் குடுத்துருக்கேன்.”

ஜெஸி பொத்தானை அழுத்தினாள். படம் மறைந்தது. “அழிச்சாச்சு தாயே, போதுமா?” ஃபாயிஸா தன் கையாலேயே கார்டிலும் அழித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அதற்குப் பிறகுதான் கொச்சியில் ஒரு ஸ்டூடியோவில் ஜெஸிக்கு வேலை கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணின் மருதாணியை ஃபாயிஸா எடுத்துக்கொண்டிருந்தாள். ஆசியா மாமி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

“ஏ ஃபாயிஸா, கேமராவக் கீழ வையி. இதென்னன்னு பாரு.”

போனில் ஒரு கொச்சி ஸ்டூடியோவின் ஆன்லைன் பக்கம். குளோஸ்அப் போட்டியில் முதல் பரிசு. பெயரைப் படிப்பதற்கு முன்பே ஃபாயிஸாவுக்குத் தெரிந்துவிட்டது. வெண்ணெய் மாதிரி உருகிய ஓரம், செம்பின் கழுத்தில் துடைக்காமல் விட்ட ஊதாக் கோடு. ஐயாயிரம் பேர் அந்த உருகலை ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தார்கள். பெரிய விலை லென்ஸ் ஒன்றில் எடுத்ததாகக் கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே ஜெஸியின் பெயர்.

“மாமி...”

“மாமின்னு கூப்புடாத. போனு எல்லாத்தையும் வாசல்ல வாங்கி வச்சேன் நான், பெரிய இவ மாதிரி! போனு வெளிய இருந்துச்சு, திருடி உள்ள இருந்திருக்கா. எம்மவ மாமியா வீட்டுக்காரி ஒருத்தி இத ஷார்ஜாவுல வச்சுப் பாத்து, ‘ஒங்க மருமவ நல்லா சிரிக்கா’ன்னு அவ மாமியாகிட்டயே சொல்லியிருக்கா. அந்தக் கார்ட அன்னைக்கே பாக்குவெட்டில வச்சு நறுக்கியிருக்கணும்.”

மருதாணி வைத்துக்கொண்டிருந்த பெண் கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். அதைத்தான் ஃபாயிஸாவால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து படத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தாள். ஜுஹைனா அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள். செம்பின் நடுவில், கேமராவோடு குனிந்து நின்ற ஃபாயிஸா மட்டும் அங்கே இல்லை. அந்த இடத்தில் வெள்ளி வழவழவென்று மின்னியது. ஜெஸி அழிப்பதில் கெட்டிக்காரி.

இரண்டாவது முறை அடித்தபோது ஜெஸி போனை எடுத்தாள்.

“ஏட்டி, நானே கூப்புடணும்னு இருந்தேன். பரிசு கெடச்சிருக்கு தெரியுமா?”

“அழிச்சாச்சுன்னு சொன்னியே.”

“மனசு வரலட்டி. அம்புட்டு நல்ல படத்த எவளாச்சும் அழிப்பாளா? லேப்டாப்ல திறக்கதுக்கு முன்னாலயே என் டிஸ்க்ல ஒரு காப்பி போட்டு வச்சிருந்தேன். அவ மூஞ்சி பட்டாணி அளவுதான இருக்கு, யாருக்குத் தெரியப் போவுது?”

“ஷார்ஜா வரைக்கும் தெரிஞ்சுட்டு.”

ஜெஸி வாயைத் திறக்குமுன் ஃபாயிஸாவே அடுத்ததைக் கேட்டாள்.

“நடுவுல நான் நின்னேன். என்ன மட்டும் எதுக்கு அழிச்ச?”

“அது... ஒம் பேரு வெளிய வந்தா ஒனக்குத்தான கஷ்டம். ஒன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்.”

“அந்தப் பிள்ள நல்லதுக்கு ஏன் செய்யல?”

மறுநாள் ஸ்டூடியோக்காரர்கள் அந்தப் படத்தை நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் அது எத்தனையோ போன்களுக்குள் போய்விட்டிருந்தது. ஜெஸியின் எண்ணும் பிறகு கிடைக்கவில்லை.

அவளை அக்கா முறை வைத்துக் கூப்பிடுகிற ஜுஹைனாவிடமிருந்து ஒரே ஒரு குரல்செய்தி வந்தது. “லாத்தா, நீங்களா குடுத்தீங்க? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நம்பிருதேன்.” ஃபாயிஸா பலமுறை பேசிப் பேசி அழித்து, கடைசியில் இப்படி அனுப்பினாள்: “நான் குடுக்கல. ஆனா எங்கிட்ட இருந்துதான் போச்சு.” இரண்டு நீல டிக் விழுந்தது.

அந்த வருஷம் தெருவில் கல்யாணங்கள் நடந்தன. அவளை யாரும் வெடுக்கென்று பேசவில்லை. “இப்பம்லாம் போட்டோ எடுக்கது இல்ல மவளே,” என்றார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருந்து குலவைச் சத்தம் கேட்கும். செங்கோட்டையில் கவரிங் நகையை ஆன்லைனில் விற்கிற ஒரு அண்ணாச்சிக்கு மூக்குத்தியும் தோடும் எடுத்துக் கொடுத்தாள். நகையைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தில் கூடாரம் கட்டி, லென்ஸ் நுழைகிற அளவுக்கு மட்டும் ஓட்டை போட்டுக்கொள்வாள். “ஒரு தோட்டுக்கு இம்புட்டுக் கோஷா எதுக்கும்மா?” என்று அண்ணாச்சி சிரிப்பார். “யார் மூஞ்சியும் விழுந்துரக் கூடாது அண்ணாச்சி,” என்பாள். அவர் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அவளை மறுபடி அழைத்தது பர்சானா. வாப்பா இல்லாத பெண், பிடிவாதக்காரி. “எங் கைய எடுக்க ஃபாயிஸா லாத்தா வந்தாத்தான் மருதாணி வைப்பேன்,” என்று உட்கார்ந்துவிட்டாள். ஃபாயிஸா இந்தத் தடவை லேப்டாப்பைத் தொடவில்லை. திருத்துவதில்லை, ஊதாக் கோடு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கைக்கடக்கமான ஒரு பிரிண்டரை அறைக்குள்ளேயே வைத்து, வேண்டிய படங்களை அங்கேயே அச்செடுத்தாள். பெண்கள் ஆளுக்கொன்றைக் கையில் வைத்து விசிறிக்கொண்டிருந்தபோது, கேமராவிலிருந்து கார்டை உருவி வெற்றிலைத் தட்டில் வைத்தாள்.

“பாக்குவெட்டி எங்க இருக்கு?”

மூலையில் ஆசியா மாமி இருந்தாள். அவள் இதுவரை ஃபாயிஸாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. மன்னித்தாள் என்று இப்போதும் சொல்ல முடியாது. ஆனால் எழுந்து வந்து பாக்குவெட்டியை எடுத்தது அவள்தான்.

“நல்லா காஞ்ச பாக்கா இருக்கும் போலுக்க,” என்றாள்.

நறுக்கென்றது. கார்டு இரண்டாகித் தட்டில் விழுந்தது. யாரோ குலவையிட, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

அது பழக்கமாகிவிட்டது. தென்காசியிலும் கடையநல்லூரிலும் ஃபாயிஸா வருகிறாள் என்றால் பாக்குவெட்டியைத் துலக்கி வைத்துவிடுவார்கள். யார் நறுக்குவது என்று சம்பந்திகளுக்குள் சண்டையே வரும். ஆனால் ஃபாயிஸா யாரையும் தன்னோடு வேலைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. உதவிக்கு வருகிறேன் என்று கேட்ட பெண்களிடமெல்லாம், ஒற்றை ஆளுக்குத்தான் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். வெள்ளிச் செம்பு இருந்தால் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுத்தான் கேமராவைத் திறப்பாள்.

ஜெஸி போன பிறகு வந்த மூன்றாவது சாரல். ஒரு கல்யாண வீட்டுக்குக் கிளம்புவதற்காக பிறகு வாங்கிய நாலாம் நம்பர் வளையத்தை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

“ஃபாயிஸா, நான் ஜெஸி. குத்துக்கல்வலசைல அம்மா வீட்டுல இருக்கேன். எனக்குப் பொம்பளப் பிள்ள பொறந்திருக்கா. ஞானஸ்நானம் முடியுத வரைக்கும் அவ படம் ஒண்ணும் வெளிய போகக் கூடாதுன்னு இருக்கேன். கண்ணுபட்டா நான் செத்துருவேன். வாரவங்க போனையெல்லாம் வாசல்லயே வாங்கி வச்சிருதோம். அண்ணன் ஸ்டூடியோ பசங்களக்கூட உள்ள விடல, யாரையும் நம்ப முடியலட்டி. ஆனா அவ வெரலு ஒவ்வொண்ணும் பிச்சி மொட்டு மாதிரி இருக்கு, நாளைக்கே வளந்துரும். நீ வந்து எடுத்துத் தாறியா? மொகம் வேண்டாம், வெரலு மட்டும் போதும். நீ குடுத்த நாலு கண்ணாடியும் பத்திரமா எங்கிட்ட இருக்கு, நீ வெறுங்கேமராவோட வந்தாப் போதும். பாக்குவெட்டிய அம்மா எடுத்து வச்சிட்டா.”